உரமா, வெடிமருந்தா? சுங்கத் துறையைச் சுற்றவிடும் ஒரு 8 இலக்க எண்

2020 ஆகஸ்ட் 4. லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகத்தில் 12-ம் எண் கிடங்கு வெடித்துச் சிதறிய வீடியோ, அன்று இரவே எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். அடுத்த ஓரிரு நாளில் சென்னையில் இன்னொரு செய்தி கிளம்பியது. பெய்ரூட்டில் வெடித்த அதே அம்மோனியம் நைட்ரேட், 697 டன், மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 2015-லிருந்து கிடக்கிறது என்று.

இவ்வளவு ஆபத்தான பொருள் எப்படி துறைமுகம் வழியா உள்ளே வந்துச்சு? அப்போது பலரும் கேட்ட கேள்வி இதுதான். பதில் சினிமா கடத்தல் கதை மாதிரி இருக்காது. கப்பலில், கன்டெய்னரில், காகிதங்களோடு வந்த சரக்கு அது. நம் நாட்டின் சுங்க வரிப் பட்டியலில் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு என்று ஒரு எண் இருக்கிறது: 3102 30 00. அந்த எண் இருக்கும் அத்தியாயத்தின் தலைப்பு 'உரங்கள்'.

அம்மோனியம் நைட்ரேட் உரம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் இந்தியாவுக்குள் வரும் அம்மோனியம் நைட்ரேட்டில் பெரும்பகுதி வயலுக்குப் போவதில்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்கும் கல் குவாரிக்கும் பாறை உடைக்கப் போகிறது. அப்புறம் எப்படி அது உரம்?

கோடு எண் எப்படி வேலை செய்கிறது?

வெளிநாட்டிலிருந்து எதை இறக்கினாலும், அது ஐபோனோ ஆப்பிள் பழமோ, ஒரு எச்.எஸ். கோடு போட்டாக வேண்டும். பிரசெல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு இந்தப் பட்டியலைப் பராமரிக்கிறது. 1988-ல் நடைமுறைக்கு வந்தது. முதல் 6 இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் மொத்தம் 8 இலக்கம்.

இந்த எண்ணை முதலில் எழுதுவது அதிகாரி இல்லை, இறக்குமதியாளர். அவருக்காக கஸ்டம்ஸ் புரோக்கர் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்வார். 2011-லிருந்து இங்கே சுயமதிப்பீட்டு முறை. அதாவது என் சரக்கு இது, இதற்கு இந்த எண், இவ்வளவு வரி என்று நாமே சொல்லவேண்டும். சந்தேகம் வந்தால் அதிகாரிகள் பரிசோதிப்பார்கள், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

சரி, அம்மோனியம் நைட்ரேட்டுக்கு எண் தேடுவோம். அது ஓர் உப்பு. உப்புகள், அமிலங்கள் எல்லாம் 28-வது அத்தியாயத்தில் இருக்கின்றன. சிவகாசியில் பட்டாசுக்குப் பயன்படும் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், அங்கேதான் இருக்கிறது. அதே லாஜிக்கில் இதுவும் அங்கே போகும்னு நினைத்தால், போகாது. 31-வது அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு சட்டக் குறிப்பு இருக்கிறது. அம்மோனியம் நைட்ரேட், சுத்தமானதோ இல்லையோ, 3102-ல்தான் வரவேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு. நீங்கள் அதை வயலில் தூவப் போகிறீர்களா, டீசல் கலந்து பாறையில் துளை போட்டு நிரப்பப் போகிறீர்களா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

அப்போ வெடிமருந்துகளுக்கு இருக்கும் 36-வது அத்தியாயம் எதுக்கு? தயாரித்து முடித்த வெடிமருந்துக்கு. அம்மோனியம் நைட்ரேட்டோடு சுமார் 6% எரிபொருள் எண்ணெய் கலந்தால் குவாரிகளில் பயன்படும் வெடிமருந்து தயார். அப்படிக் கலந்த பிறகு அது 3602. கலக்காதவரை 3102. இதைவிட வேடிக்கை, டி.என்.டி.கூட 36-ல் இல்லை. தனி வேதிப் பொருள் என்பதால் 29-வது அத்தியாயத்தில், கரிம வேதிப் பொருள்களோடு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு பட்டியல் போட்டவர்களுக்கு மூளை இல்லையா என்று கோபப்பட வேண்டாம். எச்.எஸ். கோடு போடப்பட்டது வரி வசூலிக்கவும் வணிகத்தை எண்ணவும்தான். ஒரு பொருள் எவ்வளவு ஆபத்தானது என்று சொல்வது அதன் வேலை இல்லை. அந்த வேலைக்கு வேறு எண்கள் இருக்கின்றன. சிக்கலும் அங்கேதான்.

ஒரே மூட்டை, பல அடையாளம்

கப்பலில் ஏற்றும்போது ஐ.நா. எண் என்று இன்னொன்று வேண்டும். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இது ஒன்றல்ல. எரியக்கூடிய பொருள் 0.2 சதவீதத்துக்கு மேல் கலந்திருந்தால் 0222, வகுப்பு 1, அதாவது வெடிபொருள். அதற்குள் இருந்தால் 1942, வகுப்பு 5.1, ஆக்ஸிஜன் கொடுத்து தீயை வளர்க்கும் பொருள். அம்மோனியம் நைட்ரேட் கலந்த உரம் என்றால் 2067. கப்பல் கேப்டனுக்கு இவற்றுக்கு இடையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வரிப் பட்டியலிலோ, கலக்காத அம்மோனியம் நைட்ரேட்டுக்கு எப்போதும் அந்த ஒரே எண்தான்.

ரகங்களும் வேறு. வெடிமருந்துத் தொழிலுக்கான குருணை நுண்துளைகள் கொண்டது, எண்ணெயை உறிஞ்சும். உர ரகக் குருணை அடர்த்தியானது, அவ்வளவாக உறிஞ்சாது. கையில் எடுத்துப் பார்த்தால் ரெண்டுமே வெள்ளை மணிகள். எந்த ரகமாக இருந்தாலும் நம் 8 இலக்க எண்ணில் அது தெரியாது.

இந்தியச் சட்டம் வேறொரு வாசலில் காவல் போட்டிருக்கிறது. 2011-ல் மத்திய அரசு அம்மோனியம் நைட்ரேட்டை 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2012-ல் தனி விதிகள் வந்தன. எடையில் 45 சதவீதத்துக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் இருக்கும் கலவைகளும் இதற்குள் வரும். அதைப் பிரித்தெடுக்க முடியாத உரங்களுக்கு விலக்கு. இறக்குமதி செய்ய, சேமிக்க, விற்க, வாங்க எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். உரிமம் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாக 'பெசோ'.

ஐரோப்பிய ஒன்றியமும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது. அம்மோனியம் நைட்ரேட்டிலிருந்து வரும் நைட்ரஜன் 16 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பொதுமக்களுக்கு விற்க 2021 பிப்ரவரியிலிருந்து கட்டுப்பாடு. சுத்தமான அம்மோனியம் நைட்ரேட்டில் 35% நைட்ரஜன். 16-ஐ 35-ஆல் வகுத்துப் பாருங்கள், 45 சதவீதத்தை ஒட்டி வரும்.

ஆக, இந்தியாவுக்கு வரும் ஒரு மூட்டை வரிப் பட்டியலில் உரம், கப்பலில் ஆக்ஸிஜன் தரும் பொருள், உள்ளூர்ச் சட்டத்தில் வெடிபொருள். மூன்றுமே சரி. மூன்று துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் பிரச்னையே இல்லை.

பெயரைப் பார்த்து ஏமாந்த பழைய கதை ஒன்று உண்டு. 1947 ஏப்ரல் 16, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகம். கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் சுமார் 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட், உர மூட்டைகளாக. தீப்பிடித்ததும் தண்ணீர் அடித்தால் சரக்கு வீணாகிவிடும் என்று கேப்டன் சரக்கறையை மூடி நீராவி செலுத்தச் சொன்னார். தனக்குத் தேவையான ஆக்ஸிஜனைத் தானே வைத்திருக்கும் பொருளை மூடிவைத்துச் சூடேற்றினால் என்ன ஆகும்? சுமார் 580 பேர் இறந்தார்கள். சரக்கு உரம் என்பதால் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் அதில் அடக்கம்.

காசு எங்கே இருக்கு?

வகைப்பாடு என்றாலே சண்டை வருவதற்குக் காரணம் வரி. ஜி.எஸ்.டி. அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 3102-ல் வரும் பொருளுக்கு 5%. ஆனால் 'தெளிவாக உரமாகப் பயன்படுத்தப்படாதது' என்றால் 18%. கோடு எண் கேட்காத கேள்வியை ஜி.எஸ்.டி. கேட்கிறது. பின்னால் இன்புட் கிரெடிட் கிடைக்கும் என்பதால் இடையில் இருக்கும் 13 சதவீதமும் அப்படியே லாபம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 'உரம்' என்ற சொல்லுக்கு ஒரு விலை இருக்கிறது என்பது புரிகிறதல்லவா?

சுங்க வரியும் நகர்ந்திருக்கிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அம்மோனியம் நைட்ரேட் மீதான அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானது. உள்நாட்டில் இருக்கும், வரப்போகும் தொழிற்சாலைகளுக்கு உதவ என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். அந்த அறிவிப்பு விவசாயத் தலைப்பில் வரவில்லை. ரசாயனங்கள், பெட்ரோ ரசாயனங்கள் என்ற தலைப்பில், பிளெக்ஸ் பேனருக்குப் பக்கத்தில் வந்தது. அரசுக்கே தெரியும், இது யாருக்கான சரக்கு என்று.

ஐரோப்பாவில் இந்த ஆட்டம் இன்னும் நுணுக்கம். உலகில் அம்மோனியம் நைட்ரேட்டை அதிகம் ஏற்றுமதி செய்வது ரஷ்யா. விலை குறைத்து விற்று எங்கள் ஆலைகளை அழிக்கிறார்கள் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1995-லேயே ரஷ்யச் சரக்குக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. வரி ஒரு எண்ணுக்கு என்றால் என்ன செய்யலாம்? கொஞ்சம் பாஸ்பேட்டோ பொட்டாஷோ கலந்துவிட்டால் எண் மாறிவிடும். பையில் இருப்பது பெரும்பாலும் அதே சரக்குதான். அதனால் பிற்பாடு அந்த வரி எண்ணை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பிடித்தது. 80 சதவீதத்துக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் இருந்தால், 3102 ஆனாலும் 3105 ஆனாலும் வரி உண்டு என்று ஏழெட்டு எண்களை வரிசையாகச் சேர்த்தார்கள்.

எடையை வைத்தும் எண் மாறும். உரத்தை 10 கிலோவுக்கு மிகாத பொட்டலமாகக் கட்டினால் அது 3105 10. உள்ளே என்ன உரம் என்பது அந்த எண்ணில் இல்லை.

பிடித்த பிறகு?

இந்தப் பகுதிதான் பெரிதாகப் பேசப்படுவதில்லை. தவறான விவரத்தோடு வந்த சரக்கை சுங்கச் சட்டம் 1962-ன் 110-வது பிரிவில் கைப்பற்றலாம், 111-வது பிரிவில் பறிமுதல் செய்யலாம். தங்கம் என்றால் லாக்கரில் வைக்கலாம். 37 கன்டெய்னர் அம்மோனியம் நைட்ரேட்டை எங்கே வைப்பது?

மணலியில் நடந்தது இதுதான். தென் கொரியாவிலிருந்து கரூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இறக்கிய சரக்கு அது. உர ரகம் என்று சொல்லி வெடிமருந்து ரகத்தை இறக்கினார்கள், செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்பது சுங்கத் துறை தரப்பு என அப்போது செய்திகள் வந்தன. 2015-ல் கைப்பற்றினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சுமார் 7 டன் வீணானது. மிச்சம் 690 டன் 2020 வரை அங்கேயே இருந்தது.

பாதுகாப்பாகத்தான் இருக்கிறது, பக்கத்தில் குடியிருப்பு இல்லை என்றார்கள் அதிகாரிகள். பயம் தேவையில்லாததா? ஒரு கணக்கு பாருங்கள். பெய்ரூட் கிடங்கில் இறக்கியது 2,750 டன். ஆனால் உண்மையில் வெடித்தது சுமார் 552 டன்தான் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. மதிப்பிட்டது. மணலியில் இருந்தது அதைவிட அதிகம். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அம்மோனியம் நைட்ரேட் சும்மா வைத்திருந்தால் தானாக வெடிக்காது. பெருந்தீ, அடைபட்ட இடம், எண்ணெய் மாதிரி ஏதாவது கலப்பு என்று சூழ்நிலை கூடவேண்டும். தனித்தனி கன்டெய்னர்களில் இருப்பதும், ஒரே கிடங்கில் பட்டாசோடு சேர்த்துக் குவித்திருப்பதும் ஒன்றல்ல. ஆனால் 5 வருஷம் என்பது 5 வருஷம்தான்.

பெய்ரூட் ஆனதும் இங்கே வேலை பறந்தது. மின்-ஏலத்தில் எடுத்த ஹைதராபாத் நிறுவனத்துக்கு ஆகஸ்ட் 9-ம் தேதியிலிருந்தே கன்டெய்னர்கள் கிளம்பின. இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அபாயகரமான சரக்கை வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் சீக்கிரம் அப்புறப்படுத்த வழிசெய்யும் பிரிவு, 110(1ஏ), சுங்கச் சட்டத்திலேயே இருக்கிறது. ஐந்து வருஷத்தில் முடியாதது ஐந்து நாளில் எப்படி முடிந்தது?

பெய்ரூட்டில் நடந்ததும் இதன் அண்ணன் கதை. ஜார்ஜியாவின் பாட்டுமி துறைமுகத்திலிருந்து மொசாம்பிக்கின் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போன சரக்கு. 2013 நவம்பரில் பெய்ரூட்டில் நின்ற ரோசஸ் என்ற கப்பல், ஓட்டத் தகுதியில்லை என்று நிறுத்தப்பட்டது. உரிமையாளர் கைவிட்டார். 2014-ல் சரக்கைக் கரையில் இறக்கினார்கள். பிறகு 2014-க்கும் 2017-க்கும் இடையில் லெபனான் சுங்க அதிகாரிகள் நீதிபதிக்கு ஆறு கடிதமாவது எழுதினார்கள். திருப்பி ஏற்றுமதி செய்யலாம், ராணுவத்திடம் கொடுக்கலாம், இல்லையென்றால் உள்ளூர் வெடிமருந்து நிறுவனத்துக்கு விற்கலாம் என்று மூன்று யோசனைகளும் சொன்னார்கள். முடிவு வரவில்லை. கப்பல் 2018-ல் அதே துறைமுகத்தில் மூழ்கிப்போனது. சரக்கு மட்டும் இருந்தது.

2021-க்குப் பிறகு

பெய்ரூட்டைப் பார்த்து மத்திய அரசு 2021-ல் அம்மோனியம் நைட்ரேட் விதிகளைத் திருத்தியது. இனி மூட்டையாக மட்டுமே இறக்குமதி செய்ய வேண்டும். துறைமுகத்துக்கு வந்த சரக்கை அங்கேயே வைக்காமல், துறைமுக எல்லையிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்கும் கிடங்குக்கு மாற்ற வேண்டும். தீயணைப்பு வசதி கூடுதலாக வேண்டும். பிடிபட்ட சரக்கை உரிமம் உள்ளவர்களுக்குள் ஏலம் விட்டு விரைவாக அகற்றலாம். மணலி மாதிரி இன்னொன்று நடந்தால் அதிகாரிகளுக்கு இப்போது வழி தெளிவாக இருக்கிறது.

கோடு எண்ணையே பிரித்துவிட்டால் என்ன? செய்ய முடியாத காரியம் இல்லை. ரசாயன ஆயுத ஒப்பந்தத்தில் வரும் வேதிப் பொருள்களைக் கண்காணிக்க, 2017 எச்.எஸ். பதிப்பில் தனித்தனி எண்கள் கொடுத்தார்கள். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு வேறு வழி எடுத்தார்கள். உலக சுங்க அமைப்பு 2010-ல் முன்னோட்டமாகத் தொடங்கிய 'குளோபல் ஷீல்டு' திட்டத்தில், வெடிகுண்டு தயாரிக்கப் பயன்படக்கூடிய 14 வேதிப் பொருள்களில் இதுவும் ஒன்று. சந்தேகத்துக்குரிய சரக்கு கிளம்பினால் ஒரு நாட்டுச் சுங்கத் துறை இன்னொரு நாட்டுக்குத் தகவல் சொல்லும். நம் 8 இலக்கத்தின் கடைசி ரெண்டு இடம் இந்தியாவின் கையில்தான் இருக்கிறது. '00' என்பதை '10', '90' என்று பிரித்து வெடிமருந்து ரகத்துக்குத் தனி எண் கொடுத்தால், எந்தத் துறைமுகத்தில் எந்த ரகம் எவ்வளவு இறங்குகிறது என்பது வணிகப் புள்ளிவிவரத்திலேயே தெரிந்துவிடும். பொய் சொல்பவர் அப்போதும் பொய்தான் சொல்வார். ஆனால் என்ன பொய் சொன்னார் என்பது பதிவாகும்.

உரம் என்று காகிதத்தில் இருந்தால் போதும், துறைமுகம் திறந்துவிடும் என்ற காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. 2024-ல் ரூபி என்ற மால்டா கொடி கப்பல் ரஷ்யாவின் கண்டலாக்‌ஷா துறைமுகத்திலிருந்து 20,000 டன் அம்மோனியம் நைட்ரேட்டோடு கிளம்பியது. பெய்ரூட்டில் இருந்ததைப்போல ஏழு மடங்கு. வழியில் கப்பல் சேதமானது. நார்வேயின் ட்ரோம்சோவில் ஒதுங்கியது, அங்கிருந்து போகச் சொன்னார்கள். சரக்கை இறக்கிவிட்டு வந்தால்தான் அனுமதி என்றது லிதுவேனியா. இது சாதாரண உரம்தான் என்று கப்பல் தரப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. வாரக்கணக்கில் அலைந்து, அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தின் கிரேட் யார்மத்தில்தான் அதற்கு இடம் கிடைத்தது. அங்கே சரக்கை வேறொரு கப்பலுக்கு மாற்றினார்கள்.